தலைமையாசிரியர் அறையில் முடிந்துபோகும் புகார்கள்

ராஜஸ்தானில் 2022ஆம் ஆண்டு ஓர் ஆசிரியர் மீது போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவானது. பதினெட்டு வயது நிரம்பாத மாணவியிடம் அத்துமீறினார் என்பது புகார். கொஞ்ச நாளிலேயே மாணவியின் தந்தைக்கும் ஆசிரியருக்கும் சமரசம் ஆகிவிட்டது. தவறாகப் புரிந்துகொண்டு புகார் கொடுத்துவிட்டோம், மேல்நடவடிக்கை வேண்டாம் என்று குடும்பம் எழுதிக் கொடுத்தது. அதை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாட்கள் சிலர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவை நீக்கி, வழக்குக்கு உயிர் கொடுத்தது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் இரண்டு குடும்பங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிற சொந்தத் தகராறு அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இன்னொரு வழக்கு உண்டு. 2009இல் கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத் தலைவர் மீது மாணவிகள் பாலியல் தொந்தரவுப் புகார் கொடுத்தார்கள். புகார்க் குழு விசாரித்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து அமர்வுகளை வைத்து, அவர் கேட்ட அவகாசத்தைத் தராமல், அவர் இல்லாமலேயே அவசர அவசரமாக அறிக்கையை முடித்துவிட்டது. அதன் பேரில் அவர் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் டிஸ்மிஸ் உத்தரவை ரத்து செய்து, 2009 மே மாதத்தில் விசாரணை எங்கே நின்றதோ அங்கிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது. அதாவது பதினான்கு ஆண்டுகள் கழித்து. அந்த மாணவிகள் அப்போது எங்கே இருந்திருப்பார்கள், எந்த மனநிலையில் மறுபடி வந்து சாட்சி சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றில் விசாரணையே நடக்க விடவில்லை. மற்றொன்றில் நடந்தது, ஆனால் முறையாக நடக்கவில்லை. இரண்டிலும் புகார் சொன்னவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பள்ளி ஊழியர் மீதான விசாரணை என்றாலே நம் ஊரில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. குழந்தையின் பக்கம் நிற்பவர்கள், உடனே டிஸ்மிஸ் செய், விசாரணை எதற்கு என்கிறார்கள். ஆசிரியரின் பக்கம் நிற்பவர்கள், ஒரு பிள்ளை சொன்னதை வைத்து வாழ்க்கையை அழிப்பதா என்கிறார்கள். நியாயமான விசாரணை என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்டும் சலுகை என்றே இரண்டு தரப்பும் நினைக்கின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. முறையாக நடந்த விசாரணைதான் மேல்முறையீட்டில் நிற்கும். உண்மையிலேயே தப்புச் செய்தவர், முறை தவறிய விசாரணையைக் காட்டித்தான் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு, நிலுவைச் சம்பளத்தோடு அதே பள்ளிக்குத் திரும்பி வருகிறார்.

நடைமுறையில் முதல் தவறு தலைமையாசிரியர் அறையில் நடக்கிறது. மாணவி ஒருத்தி வகுப்பு ஆசிரியையிடம் ஏதோ சொல்கிறாள். ஆசிரியை பயந்துபோய் ஹெச்.எம்.மிடம் சொல்கிறார். ஹெச்.எம். மாணவியைக் கூப்பிட்டுக் கேட்கிறார். பிறகு அந்த ஆசிரியரையும் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே மறுபடி கேட்கிறார். உதவித் தலைமையாசிரியர் கேட்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வருகிறார், அவரும் கேட்கிறார். சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளை ஒரே கதையை நாலைந்து பேரிடம், ஒவ்வொரு முறையும் சற்று வேறு வார்த்தைகளில், சொல்லி முடித்திருக்கும். பிறகு பெற்றோரை வரவழைத்து, வெளியே தெரிந்தால் பெண்ணின் எதிர்காலம் என்னாகும் என்று பேச்சு. ஒரு மன்னிப்புக் கடிதம். பெற்றோரின் கையெழுத்து. பேர் என்ன வைத்தாலும் இது கட்டப்பஞ்சாயத்துதான்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தலைமையாசிரியரிடம் இதை எதிர்பார்க்கவே இல்லை. குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, காவல்துறையிடம் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. உண்மையா பொய்யா என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல் என்று அதில் எங்கும் இல்லை. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின் கீழ் தண்டனை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது, பின்னால் அது நிரூபணமாகாமல் போனாலும், நடவடிக்கை எடுக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றிய வழக்கில், விடுதிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தெரிந்தும் சொல்லாதிருப்பதே கடுமையான குற்றம், அதற்கான வழக்கை முளையிலேயே கிள்ளக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே தலைமையாசிரியரின் வேலை சிறியது, ஆனால் உறுதியானது. குழந்தை சொன்னதை அதன் சொந்த வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்வது. குறுக்கே கேள்வி கேட்காதிருப்பது. தகவலை அன்றைக்கே சொல்வது. அந்த ஆசிரியரும் அந்தப் பிள்ளையும் ஒரே இடத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்வது. சிசிடிவி பதிவு, வருகைப் பதிவேடு, கால அட்டவணை இவற்றைப் பத்திரப்படுத்துவது. மீதியைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2021இல் சென்னைப் பள்ளிகளில் வரிசையாகப் புகார்கள் வெடித்த பிறகு 14417, 1098 என்ற உதவி எண்கள் தமிழ்நாட்டில் பரவலாக விளம்பரம் பெற்றன. பள்ளிச் சுவரில் அந்த எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கூப்பிடுகிற தைரியத்தை ஆசிரியர் அறையில் யாரும் வளர்ப்பதில்லை.

குழந்தையிடம் கேள்வி கேட்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் மெக்மார்ட்டின் என்றொரு மழலையர் பள்ளி. 1983இல் ஒரு தாய், தன் மகனிடம் பள்ளி ஊழியர் ஒருவர் தகாத முறையில் நடந்ததாகப் புகார் கொடுத்தார். காவல்துறை உடனே ஏறக்குறைய 200 குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதில் சந்தேகப்பட்டவரின் பெயரைப் போட்டு, என்னென்ன நடந்திருக்கலாம் என்றும் எழுதி, உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்றது. பெற்றோர் பதறிப்போய்க் கேட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு சிகிச்சை மையத்தில் வைத்துப் பேட்டி கண்டார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல் என்பதுபோன்ற தூண்டுகிற கேள்விகள். எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டு, வராவிட்டால் மறுபடியும் கேள்வி. சுரங்கப்பாதை, ரகசியச் சடங்கு என்று பிள்ளைகளின் கதைகள் பெருகின. வழக்கு 1990 வரை நடந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் செலவானது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. பிரதான குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர், எதுவும் நிரூபணமாகாமலேயே ஐந்தாண்டு சிறையில் இருந்துவிட்டு வந்தார்.

அந்தப் பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்கள் கேட்ட விதம் பிள்ளைகளின் நினைவையே கலைத்துப்போட்டது. அந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தால்கூட, அதைக் கண்டறிய இனி வழியில்லாமல் போனது. இந்த வழக்குக்குப் பிறகுதான் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்ற ஆய்வு பெரிதாக வளர்ந்தது. என்ன நடந்தது, சொல்லு என்று திறந்த கேள்வி கேட்க வேண்டும். அவர் உன்னைத் தொட்டாரா என்று பதிலையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஒரே தடவை, பயிற்சி பெற்றவர், பதிவு செய்துகொண்டு கேட்க வேண்டும். போக்சோ சட்டத்திலும் இந்த அக்கறை தெரிகிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை ஒரு பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். குழந்தையைத் திரும்பத் திரும்ப சாட்சிக் கூண்டுக்கு அழைக்கக் கூடாது. இத்தனை கவனத்தோடு சட்டம் கட்டிய சுவரை, ஹெச்.எம். அறையில் நடக்கிற அந்த முதல் அரைமணி நேரம் இடித்துத் தள்ளிவிடுகிறது. இன்று அந்தக் காவல்துறைக் கடிதத்தின் வேலையை வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு செய்கிறது. பெயரும் படமும் இரவுக்குள் ஊரெல்லாம் போய்விடும். காலையில் எல்லா வீட்டிலும் பிள்ளையை உட்காரவைத்துக் கேள்வி.

சரி, துறை விசாரணைக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 17ஏ, 17பி என்ற இரண்டு எண்களைக் கேட்டாலே ஆசிரியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17ஏ சிறிய தண்டனைக்கான வழி. 17பி பணிநீக்கம் வரை போகக்கூடிய பெரிய தண்டனைக்கான வழி. 17பி என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுத்தில் வர வேண்டும், ஆவணங்களின் நகல் தர வேண்டும், விசாரணை அலுவலர் முன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன் மீது அவரது விளக்கத்தைக் கேட்ட பிறகே தண்டனை. 1993இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைக் கட்டாயமாக்கியது.

ஆனால் எட்டாம் வகுப்பு மாணவியை அவள் ஆசிரியரே குறுக்கு விசாரணை செய்வதா என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வி. நீதிமன்றங்களும் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. 1973இல் வந்த ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரி வழக்கை இங்கே சொல்ல வேண்டும். இரவில் மாணவியர் விடுதிக்குள் மாணவர்கள் சிலர் புகுந்து அத்துமீறினார்கள் என்று 36 மாணவிகள் புகார் கொடுத்தார்கள். கல்லூரி மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தது. மாணவிகளின் வாக்குமூலங்களைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இல்லாத நேரத்தில் பதிவு செய்தார்கள். அடையாளம் காட்டுவதில் தவறு வரக்கூடாது என்று, சந்தேகப்பட்டவர்களின் புகைப்படங்களை வேறு 20 மாணவர்களின் படங்களோடு கலந்து வைத்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு அந்த மாணவர்களை அழைத்து, குற்றச்சாட்டு இன்னது என்று விளக்கி, அவர்கள் தரப்பைக் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் இதைச் சரி என்றது. இயற்கை நீதி எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அல்ல. மாணவிகளை நேருக்கு நேர் நிறுத்தினால் அவர்களுக்கு ஆபத்து என்கிறபோது இப்படிச் செய்யலாம். எனக்கு இந்த வழக்கில் பிடித்தது, சலுகை காட்டிய இடத்திலேயே குழு காட்டிய கவனம். குறுக்கு விசாரணை இல்லை என்றதும், அதற்கு ஈடாகப் படங்களைக் கலந்துவைத்த அந்த யோசனை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கல்லூரிக் குழுவுக்கு வந்த இந்த அக்கறை இன்று நம் கல்வி அலுவலகங்களில் எத்தனை பேருக்கு வருகிறது?

நவோதயா பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. 1993இல் அவற்றின் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. மாணவியிடம் ஒழுக்கக்கேடாக நடந்துகொண்ட ஆசிரியர் மீது, சுருக்க விசாரணையில் முகாந்திரம் உறுதியானால், முழு விசாரணை மாணவிக்குப் பெரும் சங்கடம் தரும் என்று எழுத்தில் காரணம் பதிவுசெய்து, அதைத் தவிர்த்துவிட்டுப் பணி நீக்கலாம் என்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை ஏற்றது. இது கூர்மையான கத்தி. சுருக்க விசாரணை என்றால் விசாரணையே இல்லை என்று பொருள் அல்ல. அப்போதும் வாக்குமூலங்கள் இருக்க வேண்டும், ஆசிரியரின் விளக்கம் இருக்க வேண்டும், காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். காரணம் எழுதாமல் இந்தக் கத்தியை எடுக்கிற அதிகாரி, எதிராளியின் வழக்கறிஞர் கையில்தான் அதைக் கொடுக்கிறார்.

இனி மறுபக்கம். புகார் வந்த நாளிலேயே ஆசிரியர் சஸ்பெண்ட். கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் விதிப்படியே பணியிடை நீக்கம் ஆகிவிடும். கடுமையான புகாரில் அவரைப் பள்ளியிலிருந்து விலக்கி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. குழந்தைகளின் பாதுகாப்பு முதலில். ஆனால் சஸ்பெண்ட் தண்டனை அல்ல என்று விதி சொன்னாலும் ஊர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும், அதுவும் பல நேரம் தாமதமாக. குறிப்பாணை வராமலே மாதங்கள் ஓடும். 2015இல் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் பணியிடை நீக்கத்தை நீட்டக் கூடாது என்றது. அதே ஆண்டு இன்னொரு தீர்ப்பில், துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், எவ்வளவு இழுத்தாலும் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. தனியார் பள்ளிகளுக்கான 1973ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பணியிடை நீக்கத்துக்கு இரண்டு மாதம் என்று எல்லை போட்டிருந்தது. கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் டிஸ்மிஸ் செய்யவும் விடவில்லை.

பிழைப்பூதியம் சின்ன விஷயம் என்று யாரும் நினைத்தால், கோலார் தங்கச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வழக்கைப் பார்க்கலாம். சஸ்பெண்ட் ஆகிக் கேரளத்தில் சொந்த ஊரில் இருந்தவருக்குப் பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. கோலாருக்கு விசாரணைக்கு வரக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து டிஸ்மிஸ் ஆனார். அதே ஆதாரத்தில் நடந்த குற்ற வழக்கில் அவர் விடுதலையும் ஆனார். 1999இல் உச்ச நீதிமன்றம் டிஸ்மிஸைச் செல்லாது என்றது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஆக்கிவிட்டு, வந்து உன் தரப்பைச் சொல் என்று கூப்பிடுவது விசாரணையே இல்லை.

பொய்ப் புகார் உண்டா? உண்டு. மதிப்பெண் பகை, பதவி உயர்வுப் போட்டி, சங்கத் தகராறு, ஊர்ச் சாதி அரசியல் இவற்றிலிருந்து மொட்டைக் கடுதாசிகள் கிளம்புவது கல்வி அலுவலகங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்பதும் பொய் என்பதும் ஒன்றல்ல. இதை நம் அதிகாரிகளும் பத்திரிகைகளும் குழப்பிக்கொண்டே இருக்கின்றன. இங்கிலாந்தின் பள்ளிகளுக்கான வழிகாட்டியில் விசாரணையின் முடிவை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: நிரூபணமானது, கெட்ட எண்ணத்தோடு புனைந்தது, பொய், ஆதாரம் போதாதது, அடிப்படையே இல்லாதது. ஆதாரம் போதவில்லை என்ற முடிவு ஆசிரியரைக் குற்றவாளி ஆக்காது, குழந்தையைப் பொய்யன் ஆக்காது. மாணவர் புகாரில் சிக்கிய ஆசிரியரின் பெயரை, காவல்துறை முறைப்படி குற்றம் சாட்டும்வரை வெளியிடக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் அங்கே தடை கொண்டுவந்தார்கள். நம் சட்டம் குழந்தையின் அடையாளத்தைக் காக்கிறது, அது சரி. ஆசிரியருக்கு அப்படி ஒன்றுமில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவான அன்றே அவர் படம் தொலைக்காட்சியில். பள்ளியின் பெயரும் வகுப்பும் ஆசிரியரின் படமும் வந்துவிட்டால் குழந்தை யார் என்று ஊருக்குத் தெரியாமலா போகும்?

இங்கிலாந்தின் வழிகாட்டியில் நாம் உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவர் ராஜினாமா செய்தாலும் விசாரணை நிற்கக் கூடாது, முடிவு வரை போக வேண்டும். நம் தனியார் பள்ளிகள் பலவற்றில் நடப்பது தலைகீழ். ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு, அனுபவச் சான்றிதழைக் கையில் கொடுத்து, சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். பள்ளியின் பெயர் தப்பித்தது. அடுத்த ஜூனில் அவர் இன்னொரு பள்ளியில், இன்னொரு வகுப்பின் முன்னால் நிற்பார். அரசுப் பள்ளியில் இதற்கு இடமாறுதல் என்று பெயர். அதுவும் பெரும்பாலும் மலைக்கிராமத்துக்கோ, போக்குவரத்தில்லாத உட்கிராமத்துக்கோ. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்க நாதியில்லை என்பதுதானே இந்தத் தண்டனையின் உள்ளர்த்தம்? தப்புச் செய்யாத ஆசிரியராக இருந்தால், விசாரணையே இல்லாமல் வாங்கிய அந்த இடமாறுதல் கறை ஓய்வு பெறும்வரை கூடவே வரும். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒருசேர அநீதி செய்கிற உத்தரவு இது.

எல்லாப் புகாரும் போக்சோ அல்ல. பிரம்பால் அடித்தது, சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, நிதியில் கை வைத்தது, வருகைப் பதிவேட்டில் மோசடி, சக ஆசிரியையைத் தொந்தரவு செய்தது என்று பலவகை. அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே தடுக்கிறது. சக ஆசிரியை சம்பந்தப்பட்டால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, கனம் வேறு. தாமதமாக வந்ததற்கும் மாணவியிடம் அத்துமீறியதற்கும் ஒரே அச்சில் குறிப்பாணை அடித்து அனுப்புகிற அலுவலகத்திடம் எதற்குமே நியாயம் கிடைக்காது.

விசாரணை அலுவலர் யார் என்பதை யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் பக்கத்து மாவட்டத்துக் கல்வி அலுவலரோ, மூத்த தலைமையாசிரியரோ. முப்பது வருடம் வேதியியலோ கணக்கோ நன்றாக நடத்தியவராக இருப்பார். சாட்சியை எப்படிப் பதிவு செய்வது, குற்ற வழக்குக்கும் துறை விசாரணைக்கும் ஆதார அளவு எப்படி வேறுபடும், குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் துறை விசாரணை ஏன் தன் போக்கில் நடக்க முடியும் என்றெல்லாம் உட்கார வைத்துப் பாடமாக அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? குற்ற நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கும். துறை விசாரணைக்கு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆதாரங்கள் காட்டினால் போதும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல், குற்ற வழக்கு முடியட்டும் என்று கோப்பை ஓரமாக வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிற அலுவலகங்கள் உண்டு. மாவட்டத்துக்குப் பத்துப் பேர், பெண்களையும் சேர்த்து, இதற்கென்றே பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ள ஒரு துறைக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

விசாரணை முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பணியிடப் புகார்ச் சட்டம், அறிக்கை இரண்டு தரப்புக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. துறை விசாரணையில் அந்தக் குழந்தை வெறும் சாட்சி; உத்தரவு ஆசிரியருக்குப் போகும், குழந்தையின் வீட்டுக்குப் போகாது. தாங்கள் சொன்னதை நம்பினார்களா, என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அந்தப் பெற்றோர் பத்திரிகையில் படித்தோ, பேருந்து நிறுத்தத்தில் கேள்விப்பட்டோ தெரிந்துகொள்கிறார்கள். குற்றமற்றவர் என்று முடிவான ஆசிரியரும் ஒற்றை வரி உத்தரவோடு பள்ளிக்குத் திரும்புகிறார். சக ஆசிரியர்களிடமோ பெற்றோரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. முடிவையும் அதற்கான காரணத்தையும் குழந்தையின் குடும்பத்துக்கு எழுத்தில், புரிகிற தமிழில் தர வேண்டும். விடுவிக்கப்பட்ட ஆசிரியருக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் நேரில் வந்து அதைச் சொல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. துறையின் சுற்றறிக்கை ஒன்றே போதும்.